இடது கெண்டைக்கால்

அம்பிட்டிய, கண்டி.
14.02.2024, புதன்

துஷாந்தி மகளுக்கு,

அம்மா எழுதுவது. சுகம் விசாரிப்பதை விட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டபோதே நீயும் சின்னவளும் நன்றாக இருக்கிறீர்கள் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அன்று நான் சொன்னது எதையும் நீ பெரிதாக எடுக்காதே. உன் அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு ஒவ்வொரு சொல்லையும் திருத்திக்கொண்டிருந்தார். நான் முப்பத்தொரு தையல் என்றால் அவர் முப்பத்திரண்டு என்கிறார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தோம் என்றால், "வெள்ளி பின்னேரம், நாலரைக்கு" என்கிறார். கல்விக் கந்தோரில் முப்பது வருடம் மற்றவர்களின் அறிக்கைகளில் பிழை பிடித்த மனிதர். ஓய்வு பெற்றபின் அவருக்குக் கிடைத்த ஒரே அறிக்கை நான். உள்ளதை உள்ளபடி சொல்ல எனக்கு இந்தக் கடுதாசிதான் இருக்கிறது. கைப்போனில் தமிழ் எழுதப் போனால் நான் ஒன்றை நினைக்க அது வேறொன்றை எழுதுகிறது. அதோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை.

ஒப்பரேஷன் பற்றி நீ கேட்டாய். வலது தொடையில் இரத்தக் குழாய் அடைத்துப்போய்விட்டது. அதே காலிலிருந்து ஒரு நாளத்தை எடுத்து, அடைப்பைச் சுற்றி இரத்தம் போக வேறு பாதை தைத்திருக்கிறார்கள். நன்றாகத் தைத்திருக்கிறார்கள். கால் விரல்கள் சூடாக இருக்கின்றன, நிறமும் திரும்பிவிட்டது. முப்பத்துநான்கு வருடம் சத்திரசிகிச்சை வாட்டில் தாதியாக நின்றவள் நான், நல்ல வேலையைப் பார்த்தால் தெரியும். காலுக்கு ஏன் இந்தக் கதி வந்தது என்று அவரிடம் கேட்டால், பரம்பரை என்பார். பலாமரத்துக்குப் பின்னால் நாற்பது வருடம் ஒளித்துப் பிடித்த சிகரெட்டுத்தான் அந்தப் பரம்பரை. எனக்கு அது தெரியாது என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு வருடமாக, சந்தியிலிருந்து வீட்டுக்கு ஏறிவரும்போது மூன்று இடத்தில் நின்று நின்று வந்தார். நான் சோம்பல் என்றேன். கடைசியில் அது சோம்பல் இல்லை, அடைப்பு என்று ஸ்கேன் சொல்லிவிட்டது. அவ்வளவுதான். ஆயிரம் வருத்தம் சொன்ன மனிதருக்கு ஒன்று உண்மையாகிவிட்டது. அதைப் பதக்கம் மாதிரிக் குத்திக்கொண்டு திரிகிறார். "பாத்தீரே, நான் சொன்னனான்" என்று ஒரு நாளைக்கு எத்தனை தரம் கேட்கிறேன் தெரியுமா?

மற்ற ஆயிரத்தையும் நீ மறந்திருக்கமாட்டாய். நீ பிறந்த அன்று எனக்கு நோவு எடுத்தபோது, தனக்கும் வயிற்றை முறுக்குகிறது என்று ஆஸ்பத்திரி வாங்கில் படுத்துவிட்டார். அட்டென்டன் என்னிடம் வர முதல் அவருக்குத்தான் சோடா வாங்கிக் கொடுத்தார். பிறகு கம்பளையில் ஒரு கலியாண வீட்டில் மாரடைப்பு வந்தது. அது நாலு உழுந்து வடையும் ஒரு தூக்கமும். பிறகு மூளையில் கட்டி. கண்ணாடியை மாற்றியதும் கட்டி கரைந்துவிட்டது. "எனக்கு ஏதோ செய்யுது" என்று அவர் சொல்லும்போது நீ எட்டு வயதில் அப்படியே முகத்தைச் சுருக்கி நடித்துக் காட்டுவாய். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிடும்.

இப்போதைய கூத்து என்னவென்றால், நடக்கமாட்டேன் என்கிறார். வீட்டுக்கு விடும்போது டொக்டர் எனக்கும் அவருக்கும் சேர்த்துத்தான் சொன்னார்: படுத்தே கிடக்கக்கூடாது, கதிரையில் மணித்தியாலக் கணக்கில் இருக்கக்கூடாது, ஒப்பரேஷன் செய்தவர்களுக்கு அசையாமல் இருந்தால் காலுக்குள் இரத்தம் உறைந்து கட்டியாகும், ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் எழும்பி நடக்க வேண்டும். உன் அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, ரிவிக்கு முன்னால் கதிரையைப் போட்டு, ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்தவர் இன்னும் எழும்பவில்லை. தொடை இடுக்கில் தையல் இழுக்கிறதாம். தையல் என்றால் இழுக்கத்தான் செய்யும். நான் சத்தம் போட்டால் அடுக்களை வரைக்கும் போய், தண்ணீர் குடித்துவிட்டு, சிவனொளிபாத மலை ஏறி இறங்கியவர் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு வந்து இருக்கிறார்.

பார்க்க வருகிறவர்களையும் சொல்ல வேண்டும். அப்பிளும் திராட்சையும் கொண்டு வந்து, ஒரு மணித்தியாலம் இருந்து, தங்கள் சொந்தக்காரரில் யாருக்குக் கால் கழற்றினார்கள் என்று விபரமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பக்கத்து வீட்டு அஸீமா ஒருத்திதான் கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் போகிறாள். உன் மனுசன் சயந்தன் அனுப்பிய வீடியோவும் வந்தது. இருபது வயதுப் பெட்டை ஒருத்தி கடற்கரையில் காலை நீட்டி மடக்குகிறாள். அப்பா அதை மூன்று தரம் பார்த்தார், ஒரு தரமும் காலை மடக்கவில்லை. சயந்தனுக்கு என் நன்றியைச் சொல்.

நேற்றுத்தான் உச்சம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, "இஞ்சாரும், கெண்டைக்கால் இறுகிக் கிடக்கு, ஒருக்காப் பாரும்" என்றார். ஒப்பரேஷன் செய்த கால் வீங்குவது வழக்கம்தான், இரத்தம் புதிதாக ஓடத் தொடங்கினால் அப்படித்தான், பயப்பட வேண்டாம் என்றேன். "அது இல்லை, மற்றது. இடது கால்" என்றார். துஷாந்தி, வெட்டியது வலது கால். நோவது இடது கால். மூன்று நாள் யாரும் பார்க்க வரவில்லை என்றதும் வருத்தம் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்குத் தாவிவிட்டது. இன்று காலையும் அதே பாட்டு. "அந்தக் காலுக்கும் பொறாமை வந்திட்டுது போல, அதையும் வெட்டச் சொல்லுவம்" என்றேன். ரிவியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்று விபூதிப் புதன். பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வந்தேன். உன் சைவ அப்பா விடுவாரா? தான் வருடம் முழுக்கப் பூசுவதை நாங்கள் ஒரு நாள் பூசிவிட்டுப் பெருமைப்படுகிறோமாம். வாய்க்கு மட்டும் ஒரு வருத்தமும் வராது.

நாளைக்குச் சந்திக்குப் போகும்போது இதைத் தபாலில் போடுவேன். நீ இதைப் படித்துச் சிரிப்பாய் என்று நினைக்க எனக்கும் களைப்புக் கொஞ்சம் குறைகிறது. சின்னவளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு. உங்கள் மூவரையும் ஆண்டவர் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா,
செசிலியா


ஆஸ்பத்திரி, கண்டி.
27.02.2024, செவ்வாய்

துஷாந்தி,

நான் பதினைந்தாம் திகதி தபாலில் போட்ட கடிதம் இந்தக் கிழமை உன் கைக்கு வரும். அதைத் திறக்காமல் கிழித்துப் போடச் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். இரண்டு தரம் போனையும் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். நீ அதைப் படி. இடது காலைப் பற்றி எழுதிய இடத்தை இரண்டு தரம் படி. திகதியையும் பார். பார்த்துவிட்டு இதைப் படி.

அப்பாவுக்கு இப்போது பயமில்லை. நேற்று வாட்டுக்கு மாற்றிவிட்டார்கள், மூக்கிலிருந்த ஒட்சிசன் குழாயையும் எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் நீ போனில் கேட்டுவிட்டாய். நான் போனில் சொல்லாததைச் சொல்லத்தான் இந்த வாங்கில் இருந்துகொண்டு எழுதுகிறேன்.

கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்த அன்று, வியாழன், பாப்பம்மா வீடு கூட்டிக்கொண்டிருந்தாள். தலாத்துஓயாவிலிருந்து பஸ்ஸில் வந்து வேலை செய்துவிட்டுப் போகிறாளே, தெல்தோட்டைப் பக்கத்தில் பிறந்த மனுசி, நீ போன வருடம் சேலை கொடுத்தாயே, அவள்தான். கதிரைக்குக் கீழே கூட்டும்போது கண்டிருக்கிறாள். விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்று, "அம்மா, ஐயாவோட எடது காலு மினுமினுன்னு இருக்கு. ஒருக்கா வந்து பாருங்கம்மா" என்றாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ கூட்டிற வேலையைப் பார். காலைப் பாக்க நான் இருக்கிறன்" என்றேன். அவள் போய்க் கூட்டினாள்.

அன்று பின்னேரம் அப்பா உன்னோடு போனில் கதைத்தார். இடது கால் என்று தொடங்கியதும் நீயும் சிரித்தாயாம், அவர்தான் பிறகு சொன்னார். அதை மனதில் வைத்துக்கொண்டு அழாதே. அந்தச் சிரிப்பை நீ எங்கே படித்தாய் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பாத்ரூமிலிருந்து வந்து கட்டில் விளிம்பில் இருந்தார். "செசிலியா, மூச்சு வருகுதில்லை" என்றார். அவ்வளவுதான். எந்த இடம், எப்படி, எத்தனை மணியிலிருந்து என்ற விபரம் ஒன்றும் இல்லை. நாற்பத்தொரு வருடத்தில் அந்த மனிதர் ஒரு வருத்தத்தை மூன்றே சொல்லில் சொன்னது அன்றைக்குத்தான். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அப்போதுதான் சாரத்தைத் தூக்கிப் பார்த்தேன்.

இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட வேண்டாம். இடது கெண்டைக்கால் வீங்கி, தோல் இறுகி, மினுங்கிக்கொண்டு, கை வைத்தால் சுட்டது. மூன்று நாளாக அந்தக் கால் என் வீட்டுக்குள், என் கண்ணுக்கு முன்னால், ஸ்டூலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

அஸீமாவின் மனுசன் நிஸாம் வான் வண்டியை எடுத்தார். வாவி ரோட்டில் பள்ளிக்கூட வாகனங்கள் அசையாமல் நின்றன. நிஸாம் கோர்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அப்பாவின் தலை என் மடியில் இருந்தது. நான் நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டு வந்தேன். எண்ணுவதைத் தவிர வேறெதையும் யோசிக்க எனக்குத் துணிவு இல்லை.

காலில் உறைந்த கட்டியிலிருந்து ஒரு துண்டு கழன்று சுவாசப்பைக்குப் போயிருக்கிறது. இன்னும் பெரிய துண்டாக இருந்திருந்தால் கட்டில் விளிம்பிலேயே முடிந்திருக்கும். அங்கே நின்ற டொக்டர் யார் தெரியுமா? நபீல். அக்குறணைப் பையன். நான் ஓய்வு பெறும் வருடம் எங்கள் வாட்டுக்குப் பயிற்சிக்கு வந்தவன். கிழவிகளின் கையில் நரம்பு பிடிக்கத் தெரியாமல் வியர்த்துக் கொட்டுவான், நான்தான் காட்டிக்கொடுத்தேன். என்னைக் கண்டதும் அவனுக்கு முகம் தெளிந்தது. "சிஸ்டர், கால்ல நோவு எப்பருந்து? நேத்தும் இருந்திச்சா?" என்று கேட்டான்.

"இல்லை, இண்டைக்குக் காலமைதான்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமலும் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. அப்பா ஒட்சிசன் முகமூடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். மயக்கம் இல்லை, முழு நினைவோடு இருந்தார். முப்பத்தொரு தையலை முப்பத்திரண்டு என்று திருத்திய மனிதர். கையை ஒரு தரம் அசைத்திருந்தால் போதும், நபீல் குனிந்து கேட்டிருப்பான். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் புகழ்கிறார்கள். வீட்டில் ஒரு மிஸ்ஸி இருந்தபடியால் உயிர் தப்பியதாம். அஸீமா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். அப்பாவும் சேர்ந்துகொண்டார். மூச்சு வாங்கிக்கொண்டு, "செசிலியா உடன கண்டுபிடிச்சிட்டா" என்கிறார். என்னைப் பார்த்துத்தான் சொல்கிறார். குத்திக்காட்டுகிறாரா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. அந்தப் பொய்யை எனக்காகக் கட்டிக்காக்கிறார். முட்டாள் மனிதர்.

மதனி என்று ஒரு பயிற்சி மிஸ்ஸி இருந்தாள், உனக்குத் தெரியாது. ஒரு நோயாளி கால் நோகிறது என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, போர்வையைத் தூக்கிப் பார்க்காமல் போய்விட்டாள். அந்த நோயாளிக்கு ஒன்றும் நடக்கவில்லை. இருந்தாலும் முழு வாட்டுக்கும் முன்னால் அவளை நிறுத்தி, "உனக்குக் கண் முகத்திலயா முதுகிலயா" என்று கேட்டேன். அழுதாள். அழுகிறவள் இந்த வேலைக்கு வரக்கூடாது என்று அதற்கும் ஏசினேன். போர்வையைத் தூக்கு, இரண்டு காலையும் பார் என்று ஒவ்வொரு தொகுதிக்கும் வருடா வருடம் சொல்லிக்கொடுத்தவள் நான்.

பாப்பம்மா சொன்னாள், பார்க்கவில்லை. ரோட்டில் போகிற ஒருவர் வந்து எனக்குக் கால் நோகிறது என்று சொல்லியிருந்தால் நிச்சயம் பார்த்திருப்பேன். சொன்னது அவர். அதனால் பார்க்கவில்லை. இதற்குமேல் இதில் விளங்கப்படுத்த ஒன்றும் இல்லை.

இதைப் படித்துவிட்டு எனக்கு ஆறுதல் சொல்லப் புறப்படாதே. களைப்பு, வயது, ஒருத்தியே எல்லாவற்றையும் பார்த்தது என்று காரணம் அடுக்காதே. அதையெல்லாம் நானே அடுக்கிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் நிற்கவில்லை. நான் எழுதியது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான். இந்த வீட்டில் அவர் சொன்னதற்கு ஒரு சாட்சி இருக்கட்டும்.

பார்வை நேரம் தொடங்கிவிட்டது. திராட்சைகள் வருகின்றன.

ஆண்டவர் உனக்கு என் கண்ணைத் தராமல் இருக்கட்டும்.

அம்மா


அம்பிட்டிய.
20.03.2024, புதன்

அன்பு மகள் துஷாந்திக்கு,

சொல்லாதே என்று எழுதியும் நீ போனில் அழுதுகொண்டு எல்லா ஆறுதலையும் சொல்லிவிட்டாய். உன் குரல் கேட்டது நல்லதுதான். சொன்னது ஒன்றும் எனக்கு உதவவில்லை. "எல்லாருக்கும் நடக்கிறதுதானே அம்மா" என்றாய். எல்லோருக்கும் நடப்பதில்லை, பிள்ளை. பார்க்கிறவர்களுக்கு நடப்பதில்லை.

போன கிழமை கிளினிக்கில் நபீலிடம் உண்மையைச் சொன்னேன். அப்பாவை இரத்தம் எடுக்க உள்ளே கூட்டிப்போன நேரம் பார்த்துச் சொன்னேன். கால் நோவு செவ்வாய்க்கிழமையே தொடங்கியது, நான் பார்க்கவில்லை, உனக்குப் பொய் சொன்னேன் என்றேன். அவன் பேனாவை மூடிக்கொண்டு, "எனக்கு அன்னைக்கே வெளங்கிச்சு சிஸ்டர். ஒரு காலையில கால் அந்தளவுக்கு வீங்காது" என்றான். பிறகு ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். "ஃபைல்ல ரெண்டு மூணு நாள்னுதான் எழுதினேன். உங்கட்ட கேட்டு என்ன செய்ய" என்றான். நரம்பு பிடிக்கத் தெரியாத பையன் காலைப் பார்த்துத் திகதி சொல்கிறான்.

அப்பாவிடமும் கேட்டேன். நான் பொய் சொன்னபோது ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்றேன். பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், "டொக்டர் கேட்டது உம்மட்டையெல்லே, என்னட்டை இல்லையே" என்றார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

இப்போது அவருக்கு இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை கொடுக்கிறார்கள். குறைந்தது ஆறு மாதம் போட வேண்டும். அது கொஞ்சம் குறைந்தால் திரும்பவும் கட்டியாகும், கொஞ்சம் கூடினால் எங்கேயாவது இரத்தம் கசியும். கிழமைக்கு ஒரு தரம் சோதித்து அளவை மாற்றுகிறார்கள். மற்ற ஆறு நாளும் வீட்டில் இருக்கிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். பல் முரசில் இரத்தம் வருகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா, காரணமில்லாமல் தோலில் நீலமாகக் கண்டல் போடுகிறதா, கால் திரும்ப இறுகுகிறதா, மூச்சு முட்டுகிறதா. எல்லாவற்றுக்கும் நோயாளி வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

துஷாந்தி, உன் அப்பா ஒன்றும் சொல்வதில்லை.

இதை நான் விளையாட்டாக எழுதவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று கிழமையாகப் போகிறது. "எனக்கு ஏதோ செய்யுது" என்ற சொல் ஒரு தரமும் வரவில்லை. நடக்கிறார். நான் சொல்ல முதலே பொல்லை எடுத்துக்கொண்டு சந்தி வரைக்கும் போய்வருகிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிக் குளிசையைப் போட்டுவிட்டு வெறும் கையைக் காட்டுகிறார். எனக்குத் தேத்தண்ணியும் ஊற்றித் தருகிறார், வாயில் வைக்க முடியாத தேத்தண்ணி. எங்கேயாவது நோகிறதா என்று கேட்டால் "ஒண்டுமில்லை" என்கிறார். காலைக் காட்டுங்கோ என்றால் காட்டுகிறார், இரண்டு காலையும் காட்டுகிறார். பார்க்கக்கூடியதை நான் பார்க்கிறேன், காலையும் மாலையும் நாடா வைத்து அளக்கிறேன். உள்ளே இருப்பதை அவர் சொன்னால்தானே தெரியும்?

இந்தத் திங்கட்கிழமை முகம் கழுவும் பேசினில், தண்ணீர் படாத ஒரு ஓரத்தில், இளஞ்சிவப்பாக ஒரு கறை கண்டேன். மற்ற இடமெல்லாம் தேய்த்துக் கழுவியிருந்தார். பேசினைக் கழுவுகிற மனிதரா அவர்? கேட்டேன். "பிரஷ் புதுசு, அதுதான் கீறியிருக்கும்" என்றார். அந்தப் பிரஷ் நத்தார்ப் பண்டிகைக்கு முதல் வாங்கியது. அன்றைக்கே கூட்டிப்போனேன். இரத்தம் அளவுக்கு மேல் இளகியிருந்தது. நபீல் இரண்டு நாளைக்குக் குளிசையை நிறுத்தி, பிறகு அளவைக் குறைத்துத் தந்தான். எத்தனை நாளாக முரசில் இரத்தம் என்று அவன் கேட்டான். உன் அப்பா என்னைப் பார்த்துவிட்டு, "இண்டைக்குக் காலமைதான்" என்றார்.

என்னைத் தண்டிக்கிறார் என்று நினைத்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருக்கும். சண்டை பிடித்துவிடலாம். திரும்பி வரும்போது வானுக்குள் வைத்து ஏசினேன், நிஸாம் கேட்கக் கேட்க ஏசினேன். அவர் வாவியைப் பார்த்துக்கொண்டு, "உமக்கு ஏன் வீண் கரைச்சல். நீர் நித்திரையும் கொள்ளுறீரில்லை" என்றார். நான் நித்திரை கொள்ளாததை அவர் கவனித்திருக்கிறார். நான் கவனிக்காததையெல்லாம் கவனித்துக்கொண்டு, தன்னுடையதை மட்டும் மறைக்கிறார். இப்படி ஒரு அசட்டு மனிதரை எந்த வாட்டிலும் நான் கண்டதில்லை.

நாற்பத்தொரு வருடமாக அந்த வாய் மூடாதா என்று இருந்தவள் நான். மூடிவிட்டது. வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று உனக்குச் சொன்னால் விளங்காது. சில நேரம் அவர் கதிரையில் கண்ணை மூடியிருக்கும்போது நான் பின்னால் போய் நின்று மூச்சை எண்ணுகிறேன். அவர் கண்ணைத் திறந்தால், கதிரைத் துணியைத் தட்டுகிற மாதிரித் தட்டிவிட்டுப் போகிறேன்.

பாப்பம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அதெல்லாம் எதுக்கும்மா" என்று சொல்லிக்கொண்டு, கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினாள். ஐயாவில் ஏதாவது கண்டால் சொல்லு, நான் ஏசினாலும் சொல்லு என்றேன். "சரிங்கம்மா" என்றாள். சொல்வாளா தெரியாது. நானாக இருந்தால் சொல்லமாட்டேன்.

நான் உன்னிடம் இதுவரைக்கும் ஒன்றும் கேட்டதில்லை. கல்யாணத்துக்கும் கேட்கவில்லை, நீ கடல் கடந்து போய்க் குடியிருந்த பிறகும் கேட்கவில்லை. மற்றவர்களிடம் கேட்கிறவர்களைப் பற்றி நான் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். இப்போது கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் பூசைக்குப் போய்விடுவேன். உனக்கு அப்போது மத்தியானம் ஒன்றரை. வீட்டில் அவர் தனியாக இருப்பார். அந்த நேரம் அவருக்குப் போன் எடு. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காதே, நல்லாயிருக்கிறன் என்று சொல்லி உன்னைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுவார். ஒவ்வொன்றாகக் கேள். முரசு, வயிறு, கெண்டைக்கால், மூச்சு என்று பெயர் சொல்லிக் கேள். உன்னிடம் சொல்வார். என்னிடம்தான் சொல்லமாட்டார். சொல்வதை எழுதி வைத்து, பிறகு எனக்குச் சொல். நான் கேட்கச் சொன்னேன் என்று மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்.

ஒன்றுமில்லாததற்கும் ஊதிப் பெருப்பித்துச் சொல்வார், எங்கேயோ தொடங்கி எங்கேயோ போவார், திகதியும் மணியும் சொல்லித் திருத்தித் திருத்திச் சொல்வார். அவசரப்படுத்தாதே. சின்னவள் அழுதால் சயந்தன் பார்க்கட்டும். அவர் முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிரு, பிள்ளை.

தேவமாதா உனக்குப் பொறுமையைத் தரட்டும்.

அம்மா